கோட்டும் குவார்ட்டர்ஸும்

என்னிடம் இருக்கும் பேண்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு காப்பிப்பொடி நிற பெல்பாட்டம். இடுப்பில் அது என்னைப் பிடித்து நெரிக்கும். முட்டிக்குக் கீழே போனதும் மனம் மாறி, இரண்டு பக்கமும் குடை மாதிரி விரிந்துகொள்ளும். மேலே நாய்க்காது காலர் வைத்த சட்டை. அதற்கும் மேலே கட்டம்போட்ட கோட்டு. பழைய துணி வாங்கிப் போடுகிற ஆள் என்று என்னை நினைத்துவிடக் கூடாது. துணி புதிது, தையல்தான் பழசு. நான் தேயிலை மலையில், சித்திரபுரத்தில் பிறந்தபோது ஊரில் எல்லோரும் போட்டிருந்த உடுப்பு இது. நான் வளர்ந்து, போட்டுக்கொள்ளலாம் என்று வந்து நின்றபோது எல்லோரும் கழற்றிவிட்டார்கள். எனக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

வீட்டில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். எல்லா வேலைக்கும்.

முதலில் கேரள எல்லையில், வாளையாரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். செக்போஸ்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கிற லாரிகளுக்கு நடுவே நடந்து, டிரைவர்களிடம் பேப்பர் வாங்கி வருவது என் வேலை. ரோட்டில் கிடக்கிற தூசியை எல்லாம் என் பெல்பாட்டம் கூட்டிக்கொண்டே வரும். சிமெண்டு லோடு இறக்கிய நாளென்றால் இன்னும் விசேஷம். ஒரு நாள் அப்படிப் பேண்டு நிறைய சிமெண்டோடு மழையில் மாட்டிக்கொண்டேன். மழை விட்டு வெயில் வந்து, ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கீழ்ப்பாகம் இரண்டும் காய்ந்து கெட்டிப்பட்டுவிட்டது. நான் நடந்தால் யாரோ பின்னாலேயே கதவைத் தட்டிக்கொண்டு வருகிற மாதிரி சத்தம். ஆபீஸ் முதலாளி என்னை வாசலிலேயே நிறுத்தி, போய் உதறிவிட்டு வா, லோடில் மூட்டை குறைகிறது என்று பார்ட்டி புகார் சொல்கிறான் என்றார்.

அந்த வேலை போனதும் அதே பேண்டால்தான். தார்ப்பாய்க் கயிறு மாட்டுகிற கொக்கி ஒன்று பேண்டின் விரிப்புக்குள் நுழைந்துகொண்டது எனக்குத் தெரியவில்லை. லாரி மெதுவாக நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். ஒரு கால் லாரியோடு, ஒரு கால் என்னோடு. நொண்டிக்கொண்டே கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடுவேன் போலிருந்தது. செக்போஸ்டில் நின்ற போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரைவரிடம் என்ன லோடு என்று கேட்டார்.

"சரக்கெல்லாம் பேப்பர்ல இருக்குதுங்க சார்," என்றார் டிரைவர். "இவரு மட்டும் பேப்பர்ல இல்லீங்க."

அடுத்தது இன்சூரன்ஸ். சொந்த ஊர்ப் பக்கமே வந்து எஸ்டேட் லயங்களில் பாலிசி பிடிக்கிற வேலை. லயம் என்றால் தொழிலாளிகள் குடியிருக்கிற வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் ஆவி பிடிக்கச் சொல்வார்கள். நான் சும்மா போவேனா? கறுப்புக் கோட்டு, உள்ளே வெயிஸ்ட்கோட்டு, கழுத்தில் அகலமான டை, கையில் கறுப்புப் பை. முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அம்மா உடனே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். நாற்காலியில் துண்டு விரித்தார்கள். பைபிள் வந்தது. வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் முழங்காலில் நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கோட்டும் பையுமாக லயத்துக்கு வருகிறவர் வெளியூர் பாஸ்டராகத்தான் இருப்பார். நான் பாலிசி என்று வாய் திறப்பதற்குள் மாட்டுக்குப் பிரசவம் சிக்கலாக இருக்கிறது, ஜெபம் பண்ணுங்கய்யா என்று ஒரு குரல் வந்தது. முழங்காலில் நிற்கிற குடும்பத்திடம் பிரீமியம் பற்றி எப்படிப் பேசுவது? கண்ணை மூடினேன். மாடு அன்று சாயந்திரமே நல்லபடியாகக் கன்று போட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த எஸ்டேட்டில் என்னால் ஒரு பாலிசிகூட விற்க முடியவில்லை. வயிற்றுவலி, பரீட்சை, பையனுக்கு விசா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கம்பெனி என்னைக் கூப்பிட்டு, நீங்கள் வேறு நல்ல காரியம் ஏதாவது பார்க்கலாமே என்றது.

இத்தனைக்கும் நடுவில் எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி வாளையார்ப் பக்கம். கொங்குத் தமிழ். என்னைத் திட்டும்போதுகூட வரிக்கு வரி 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். திட்டி முடித்த பிறகும் ஏதோ விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரியே இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவளுடைய அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தோம். நான் மலைக்கு இன்சூரன்ஸ் விற்க வந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். சமையல் கீழே, அண்ணன் மனைவியின் அடுப்பில். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் என் மனைவி எப்போது டீ வைக்கப் போனாலும், "யாருக்கு?" என்று ஒரு கேள்வி வரும். வேறொன்றும் சொல்ல மாட்டார். பாலைப் பார்ப்பார், பாத்திரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். என் மனைவி டீ குடிப்பதையே குறைத்துவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு அந்த ஹோட்டல் வேலை கிடைத்தது. அதுவும் உடுப்பாலேயே கிடைத்தது. தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் புது ஹோட்டல் கட்டியிருந்தார். கோட்டயம் பக்கத்து மலையாளி, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஹோட்டல் புதிதென்றாலும் பார்த்தால் பழைய துரை பங்களா மாதிரி இருக்க வேண்டும் என்று சிவப்புத் தகரக் கூரை போட்டிருந்தார். வரவேற்பறையில் கணப்படுப்பு. அதற்குள் நெருப்புக்குப் பதில் ஆரஞ்சு பல்பு. குளிர் காயப் பக்கத்தில் போனால் கொசுதான் கடிக்கும். பஜாரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த என்னை, என் கட்டம்போட்ட கோட்டை, மேலிருந்து கீழே பார்த்தார். அங்கேயே கேட்டுவிட்டார். "சேட்டா, ரிசப்ஷன்ல நிக்காமோ?"

என்னை வாழ்நாளில் ஒருவர் உடுப்புக்காக வேலைக்கு எடுத்தது அதுவே முதல் தடவை. சீசன் முடிகிறவரை பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்றார். ஹோட்டலுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகக் குவார்ட்டர்ஸ். அது வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அதுவும் போகும்.

மனைவி வந்து பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைத் திறந்து தேயிலையைப் பார்த்தாள். கடைசியில் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். குடித்து முடித்தாள். கழுவி வைத்தாள். மறுபடியும் போட்டாள்.

"யாருக்கு?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, இந்த ஊட்டுல அந்தக் கேள்விய யாருங் கேக்கக் கூடாதுங்க," என்றாள். "இந்த வேலையும் உங்க துணிமணியால போச்சுன்னா, நான் மறுக்கா என்ற அண்ணன் ஊட்டு மாடிக்கு வரமாட்டனுங்க. நீங்க வேணும்னா உங்க கோட்டோட போய்ப் படுத்துக்கோங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பின்பக்கத்தில் பீன்ஸ் விதை ஊன்றிவிட்டாள். விதை ஊன்றுகிற பெண் விளையாடுகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது.

சில வாரம் நன்றாகத்தான் போனது. ரிசப்ஷனில் தினம் ஒரு உடுப்பில் நின்றேன். வருகிறவர்கள் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை என்னைத் தொட்டுப் பார்த்து உயிர் இருக்கிறதா என்று சோதித்தது. முதலாளிக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கிறிஸ்மஸ் சீசனுக்கு ஒரு யோசனை பண்ணினார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிராவல்ஸ் வழியாக முதல் பெரிய கூட்டம் வருகிறது, அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வருசம் முழுக்க ஆள் அனுப்புவார்கள். அதனால் அன்றைக்கு என்னைப்போல எல்லோருமே பழைய காலத்து உடுப்பில் நிற்க வேண்டும், பொறுப்பு சேட்டனுக்கு என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. கல்யாண கேட்டரிங்காரர்கள் வாடகைக்கு விடுகிற சாமான். கட்டி வைத்த வெள்ளைத் தலைப்பாகைகள், ஒவ்வொன்றின் மேலேயும் விசிறி மடிப்பில் ஒரு கொண்டை. இடுப்புக்குச் சிவப்புப் பட்டை. ஆண்களெல்லாம் துரை பங்களா பட்லர் மாதிரி நிற்க வேண்டுமாம். பெண்களுக்குக் கொழுந்துக் கூடை, இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சாக்கு. பழைய காலத்துத் தேயிலைத் தொழிலாளிகள் மாதிரி வாசலில் நிற்க வேண்டுமாம். நான் உடனே ஒரு தலைப்பாகையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பந்தி எத்தன மணிக்குங்க?" என்றாள்.

அங்கிருந்து சமையலறைக்குப் போனேன். எங்கள் சமையல்காரர் என்னைவிடச் சற்று மூத்தவர், பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. தலைப்பாகையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடி மீனை வெட்டத் தொடங்கினார்.

"உனக்கு நல்லாத்தாம்ல இருக்கு," என்றார். "கோமாளிக்கு எது பொருந்தாது?"

அண்ணனுக்கும் ஒன்று இருக்கிறது என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எங்கப்பா துரை பங்களாவுல இதக் கட்டிக்கிட்டுத்தான் சோறு பரிமாறுனாரு. கட்டுன தலையோட பின்வாசல் வழியாத்தான் வரணும், போகணும். நான் முன்வாசல்ல நின்னுக்கிட்டு அதையே கட்டணுமாக்கும்? நீ கட்டிக்க. ஒங்கப்பன் கரண்டு ஆபீஸ்ல வேல பாத்தவரு, ஒனக்கு அது வெறும் துணிதான்."

எனக்குத் தலையில் இருந்தது திடீரென்று கனத்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கையில் வைத்துக்கொண்டால் அது இன்னும் கேவலமாக இருந்தது, ஏதோ பரிமாற வந்த கேக் மாதிரி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைகளைச் சுத்தம் செய்கிற அக்காவிடம் போனேன். அவர் போன வருசம்தான் கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். கூடையையும் சாக்கையும் எடுத்துக் காட்டினேன். சாக்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, நேத்து வரைக்கும் இதத்தான கட்டிக்கிட்டு அட்டக்கடி வாங்குனேன்?" என்றார். "இதுக்குப் பேரு பழைய உடுப்பா? எனக்கு இது பழசாகணும்னா இன்னுங் கொஞ்ச வருசமாவது ஆகணும்ப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. கட்டச் சொன்னால் இவர்கள் கட்ட மாட்டார்கள். கட்டவில்லை என்றால் முதலாளி என்னைப் பார்ப்பார். முதலாளி என்னைப் பார்த்தால் பின்னால் இருக்கிற அடுப்பு அணையும்.

பழசு என்றால் உங்களுக்கு எதுதான் பழசு என்று அக்காவிடம் கேட்டேன்.  மறுநாள் முந்தானைக்குள் வைத்து ஒரு போட்டோ கொண்டுவந்தார். அவருடைய கல்யாணப் படம். கலர் மங்கி எல்லோரும் ரோஸ் நிறமாகிவிட்டிருந்தார்கள். அக்காவுக்குப் பெரிய பெரிய பூப்போட்ட நைலக்ஸ் புடவை, புஜத்தில் உப்பின பஃப் கை ஜாக்கெட், மணிக்கட்டில் வாட்ச். பக்கத்தில் மாப்பிள்ளை, கோட்டும் டையுமாக. கோட்டின் நடுப் பொத்தான் இல்லை. நான் அந்தப் பொத்தான் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

எங்கே என்று ஞாபகம் வந்ததும் குவார்ட்டர்ஸுக்குப் போய் என் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தை எடுத்து வந்தேன். அதே கோட்டு. அதே இடத்தில் பொத்தான் இல்லை. சமையல்காரர் கைபேசியில் வைத்திருந்த தன் கல்யாணப் படத்தைக் காட்டினார். அதே கோட்டு. பஜாரில் அப்போது இருந்தது ஒரே ஒரு ஸ்டுடியோ. அங்கே ஆணியில் ஒரே ஒரு கோட்டு, எலாஸ்டிக் வைத்த ஒரு டை, ஒரு வாட்ச் தொங்கும். கல்யாணமானவர்கள் எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்று, ஒருவர் கழற்ற ஒருவர் மாட்டிக்கொண்டு படம் பிடிப்பார்கள். ஒல்லியான மாப்பிள்ளை என்றால் முதுகுப்பக்கம் துணிக் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்களாம். படம் இடுப்போடு முடிந்துவிடும், கீழே வேட்டிதான்.

"எம்படத்துல மட்டும் காலு வரைக்கும் விழுந்துருச்சு," என்றார் சமையல்காரர். ஸ்டுடியோக்காரரின் மச்சினன் அன்றைக்குப் புதிதாகக் கேமரா பிடித்தானாம். பெரிதாக்கிக் காட்டினார். மேலே கோட்டு, டை. கீழே மடித்துக் கட்டின வேட்டி. அதற்கும் கீழே கம்பெனி கொடுத்த ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் மணப்பெண் கேமராவைப் பார்க்காமல் அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என்னிடம் கோட்டுக்கா பஞ்சம்? சமையல்காரர், அக்கா, இரண்டு வெயிட்டர்கள், எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்யாணப் படத்தில் இருக்கிற மாதிரியே நின்றுவிடலாம். தலைப்பாகையை யாரும் தொட வேண்டாம். சமையல்காரர் யோசித்தார். கோட்டுக்குக் கீழே வேட்டிதான், அதில் மாற்றம் இல்லை என்றார். அக்காவோ, புடவை பெட்டியில் இருக்கிறது, ஜாக்கெட் இப்போது ஒரு கைக்குத்தான் பத்தும் என்றார்.

மனைவியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். முதலாளி தலைப்பாகை என்று சொன்னதையும் சொன்னேன். அவள் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு குச்சி நட்டாள்.

"சொன்னதக் கட்டிட்டு நின்னா என்னங்க ஆகுது? உங்களுக்கா துணி கட்டத் தெரியாது?" என்றாள் கடைசியில்.

 சமையல்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன், பின்வாசல் விஷயத்தை. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் அதை மண்ணில் ஊன்றினாள். சாயந்திரம் அக்கா தயங்கித் தயங்கி அந்த ஜாக்கெட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தபோது, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, தையலைப் பிரித்துப் பக்கத்துக்கு ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பிறகு என் கோட்டுகளையும் வரிசையாகப் போட்டு இஸ்திரி பண்ணினாள்.

"உங்களுக்காக இல்லீங்க," என்றாள், என்னைப் பார்க்காமலே.

அந்த நாள் வந்தது. நல்ல மஞ்சு. பத்தடி தள்ளி நிற்கிறவர் யாரென்று தெரியாது. போனில் ரேஞ்சும் இல்லை. நாங்கள் வாசலில் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றோம். எல்லோருக்கும் கோட்டு, டை. சமையல்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, எங்கிருந்தோ ரப்பர் பூட்ஸும் சம்பாதித்திருந்தார். அக்கா பூப்போட்ட நைலக்ஸில், தலை நிறையப் பூவோடு, கையில் சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்த தட்டோடு நடுவில் நின்றார். நான் பெல்பாட்டத்தில். முதலாளி பின்னால் தன் காரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

டெம்போ டிராவலர் ஒன்று மஞ்சுக்குள்ளிருந்து வந்து வாசலில் நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டினோம். அக்கா தட்டை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"அடடா, கண்ணால ஊடுங்களா?" என்றார் டிரைவர். "தப்பா வந்துட்டனுங்க. மன்னிச்சுப்போடுங்க."

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அழகாக ஒரு ரிவர்ஸ் எடுத்தார். வந்த வழியே போய்விட்டார்.

நாங்கள் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றோம். வாயை மூடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் கார் வந்தது. இறங்கினார். வரிசையைப் பார்த்தார், கோட்டுகளைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். "எந்தா இது?" என்றார். அடுத்த நொடி, "கெஸ்ட் எவிடெ?" என்றார். வழியில் ஒரு வண்டி எதிரே இறங்கிப் போயிருக்கும், பார்த்திருப்பீர்களே என்றேன். பார்த்தார்தான். வழி விட்டுக் கையும் காட்டியிருக்கிறார்.

ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். தேயிலைக்கு நடுவே நேராக இறங்கினால் கீழ் வளைவைப் பிடித்துவிடலாம். அது யாருக்குத் தெரியும்? அக்காவுக்குத்தான் தெரியும். தட்டோடு இறங்கிவிட்டார். நைலக்ஸ் புடவை தேயிலைச் செடிக்கு மேலே பறந்தது. பின்னால் பூட்ஸில் சமையல்காரர், கோட்டு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி அடிக்க. அவருக்குப் பின்னால் வெயிட்டர்கள். அவர்களுக்கும் பின்னால் நான். பெல்பாட்டத்தோடு தேயிலைக்குள் ஓடினவர்கள் யாராவது இருந்தால் என் கஷ்டம் புரியும். ஒவ்வொரு செடியும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி நலம் விசாரித்தது. முதலாளியும் ஓடி வந்தார். அவர் என்னைத் தாண்டிப் போகும்போது மலையாளத்தில் என்னவோ சொன்னார். நல்லவேளை, மூச்சு வாங்கினதால் முழுசாகக் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி நின்றிருந்தது. அக்கா ரோட்டின் நடுவில் தட்டோடு நின்றார், ஒரு கல்கண்டுகூடச் சிந்தவில்லை. வண்டிக்குள் ஒரே கலகலப்பு. அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். யாரோ முன்பின் தெரியாத கல்யாண வீட்டுக்காரர்கள், வாசல் வரை வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மனமில்லாமல், கோட்டும் டையுமாக மலையிறங்கி ஓடி வந்து கூப்பிடுகிறார்கள். வயதான ஒரு அம்மா ஜன்னல் வழியாக டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத்தன தூரம் ஓடியாந்து கூப்புடறாங்க, போகாம இருந்தா நல்லாருக்குமா? திருப்புங்க வண்டிய. ஹோட்டலுக்கு நாளைக்குப் போய்க்கலாம்."

இதுதான் அம்மா ஹோட்டல் என்று சொல்ல எனக்கு மூச்சில்லை. முதலாளிக்கும் இல்லை. வண்டி திரும்பி மேலே போய்விட்டது. நாங்கள்தான் கீழே நின்றோம். இப்போது மேலே யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன். ஒருவரும் இல்லை. ஏற்றத்தில் ஏறினோம். சரிவில் இறங்கினதை விட அது நீண்ட பாதை, அதிலும் பின்னால் முதலாளி மௌனமாக வந்தால் ரொம்பவே நீண்டது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ண எத்தனை மணி நேரம் கொடுப்பார், பீன்ஸ் காய்த்த பிறகு போகலாமா என்று கேட்க முடியுமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே ஏறினேன்.

ஹோட்டலுக்குள் நுழைந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஆவி பறக்கிற சுக்குக் காப்பி. ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் சாதாரண நூல் புடவையில், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் மனைவி. வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். ஆள் இல்லை. குளிரில் வந்தவர்களை நிற்க வைக்கவா முடியும்?

"ஏனம்மணி, மாப்பிள்ள எங்க?" என்று அந்த வயதான அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தா வாறாருங்க," என்று என்னைக் காட்டினாள். என் தலையில் தேயிலை இலை, ஒரு கால் முட்டி வரை சேறு. "கண்ணாலம் ஆகி ரொம்ப நாளாச்சுங்க. இவருதானுங்க நீங்க ரூம் போட்டிருக்கிற ஹோட்டல்ல ரிசப்ஷன். இதுதானுங்க அந்த ஹோட்டலு. நீங்க காப்பியக் குடிங்க, மொதல்ல. ரூமு எங்கியும் ஓடிப்போகாதுங்க. இவரு மாதிரி இல்லீங்க அது."

 எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்துவிட்டார்கள். ஒருவர் காப்பியை மேலே ஊற்றிக்கொண்டார். டிரைவர் வாசலில் உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் பூட்ஸோடு உள்ளே வந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். அக்காவை நடுவில் உட்காரவைத்து அந்தக் கல்கண்டை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டார்கள். சாயந்திரம் எல்லோருக்கும் கோட்டு வேண்டும் என்று கேட்டு, என் கோட்டுகளையும் டைகளையும் ஒருவர் கழற்ற ஒருவர் மாட்டி, கணப்படுப்புக்கு முன்னால் நின்று இடுப்பளவில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இதை எல்லாம் வைத்து முதலாளி என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தால், அவரை உங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை கூப்பிட்டார். சொன்னதைக் கேட்கவில்லை என்றார். உண்மைதான். ஏன் என்று கேட்டார். பின்வாசல் விஷயத்தைச் சொல்லலாமா என்று நான் தயங்கினபோது, உள்ளேயிருந்து சமையல்காரரே வந்து நின்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, குழம்பு கொதிக்குது மொதலாளி என்று போய்விட்டார். முதலாளி அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். அதைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரிசப்ஷன்ல இனி சேச்சி நிக்கட்டே," என்றார், என் மனைவியைச் சொல்லி. "சேட்டன் பார்க்கிங்ல நின்னா மதி." எனக்கு அது போதுமாம்.

அப்படியென்றால் குவார்ட்டர்ஸ் என்று இழுத்தேன்.

"அது ரிசப்ஷனுக்கு உள்ளதல்லே," என்றார். ரிசப்ஷனில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குத்தானே குவார்ட்டர்ஸ் என்று அர்த்தம்.

நான் பார்க்கிங்குக்குப் போனேன். கட்டம்போட்ட கோட்டோடு, கார்களுக்குப் பின்னால் நின்று வரட்டும் வரட்டும் என்று கை காட்டினேன். இறங்கினவர்கள் என்னிடம் கை கொடுத்து, ஹோட்டல் ரொம்ப நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். பக்கத்தில் சாதாரணச் சட்டையில் நின்ற முதலாளியிடம் காரின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதை என்னிடம் கொடுத்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயந்திரம் குவார்ட்டர்ஸுக்குப் போனால் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டீ கொதிக்கிற வாசனை. டியூட்டி முடிந்து எனக்கு முன்பே வந்துவிட்ட மனைவி இடுப்பில் கை வைத்துக் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"இது இப்ப என்ற பேருல இருக்கிற ஊடுங்க," என்றாள். "உள்ள வர்றது நீங்க மட்டுமா, கோட்டுமாங்க?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டேன். யோசித்திருக்கக் கூடாது. டீயை வெளியே படிக்கட்டில் கொண்டுவந்து வைத்தாள், எனக்கும் கோட்டுக்கும் சேர்த்து ஒரே டம்ளர்.